கார்த்திகையிலேயே வெளுத்த புல்வெளி

ஊட்டியில் இருக்கும் நண்பர் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார். "காந்தள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாயிருச்சு, பார்க்கணும்னா உடனே வாங்க" என்றார். கார்த்திகை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீர்ப்பனி நவம்பரில் விழுவதுதான், ஆனால் உறைபனி நன்றாக இறுகுவது டிசம்பர், ஜனவரியில். கோபியில் இருக்கும் மாமாவிடம் சொன்னேன். ஐம்பது வருஷமாக மஞ்சளும் நெல்லும் போடுகிறவர், உறைபனியைக் கண்ணால் பார்த்ததில்லை. "தைப் பனி தரையைத் துளைக்கும்பாங்க. இது இப்பவே வந்துருச்சா? போலாம் மாப்ள" என்றார். கிளம்பும்போது கோழிக் கொட்டகையில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஞாயிறு மதியம் புறப்பட்டோம். சத்தி, புளியம்பட்டி, மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி மலைப்பாதை. மேட்டுப்பாளையத்தில் சட்டை நனைய வியர்த்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறுகிறோம், கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். இரவு எட்டு மணிக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. நட்சத்திரம் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது.

திங்கள் விடிகாலை ஐந்தே முக்காலுக்குத் தலைக்குந்தா. கூடலூர் போகும் சாலையை ஒட்டிய அந்தப் புல்வெளி, யாரோ சுண்ணாம்புத் தூள் தூவிவிட்ட மாதிரி கிடந்தது. காலை வைத்தால் நறநறவென்று நொறுங்கியது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புக் கல்லை விடச் சின்னதாக ஊசி ஊசியாகப் பளிங்கு. மாமா ஒரு புல்லைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தார். ஊசிகள் கரைந்து ஒரு துளித் தண்ணீராகும் வரை கையை மூடவே இல்லை. "என்ற வயசுக்கு இப்பத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

தெர்மாமீட்டரைத் தலை உயரத்தில் பிடித்தால் 3 டிகிரி. அதையே புல்மேல் கிடத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கோடு. செய்தியில் 3 டிகிரி என்று சொல்லும்போது உறைபனி எப்படி வரும் என்று எனக்குப் பல நாள் சந்தேகம் இருந்தது, அந்த இடத்தில் தீர்ந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீடுகளை விடத் தலைக்குந்தா, காந்தள் மாதிரித் தாழ்வான இடங்களில் முதலில் வெளுக்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். இந்தத் தடவை நடுவில் மழை விட்டு வானம் வெளுத்ததுதான் பனியை முன்கூட்டியே கூட்டி வந்திருக்கிறது.

ஏழே முக்காலுக்கெல்லாம் வெயில் ஏறி எல்லாம் கரைந்துவிட்டது. போகிறவர்கள் ஆறு மணிக்குள் அங்கே இருங்கள்.

திரும்பும் வழியில் ஒரு பெரியவர் தன் தேயிலைச் செடிகளுக்கு ஓஸ் பிடித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை ஏக்கர் தோட்டம், பாதி பள்ளத்தில். மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இந்தக் குளுருல தண்ணி வேற விடறீங்க?"

"வெயில் நேரா படறதுக்கு முன்னாடி பனியைக் கழுவணுங்க. இல்லேன்னா கொழுந்து கருகிடும். இதுவே கொஞ்சம் லேட்டு."

கிணற்றுத் தண்ணீர் பனியை விட வெதுவெதுப்பு என்று மாமாவுக்கு உடனே புரிந்தது. விரல் விறைத்துப்போய் பெரியவருக்கு ஓஸைத் திருப்பப் பிடி வரவில்லை. மாமா வாங்கிக்கொண்டு கடைசி மூன்று வரிசைக்கு அவரே அடித்தார். நான் அதுவரை பனியைப் போட்டோ எடுக்கிற பொருளாகத்தான் நினைத்திருந்தேன். நான் எழுந்து ஆசையாக வெளியே வந்த அதே நேரத்தில் இவர் எழுந்து பயந்து வெளியே வந்திருக்கிறார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மத்தியானம் 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த மிலார் செடிகளைக் கட்டுக் கட்டாக வைத்து, மலர்ச் செடிகளுக்குக் கூரை மாதிரி செருகிக்கொண்டிருந்தார்கள். தரையின் சூடு வானத்துக்குப் போகாமல் அந்த இலைக்கூரை தடுக்கும். ஒரு அம்மா ஒவ்வொரு செடியாகக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மூடினார்.

செவ்வாய் இன்னும் மோசம். கார்க் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெரியவரின் தோட்டம் வழியாகப் போனோம். கீழ்ப் பாத்தியில் கொழுந்தெல்லாம் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. "மேல் பாதி தப்பிச்சுது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கிழக்கே இருந்து மேகம் ஏறியது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். புதன் காலை எழுந்தபோது ஸ்வெட்டர் அதிகமாகத் தெரிந்தது. தெர்மாமீட்டர் தலை உயரத்தில் 11, புல்லில் 10. திங்கள் காலையை விட எட்டு டிகிரி ஏறியிருந்தது, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு டிகிரிதான். தலைக்குந்தாவில் பெங்களூரில் இருந்து வந்த ஒரு குடும்பம், பனியைக் காணோம் என்று குழந்தைகளோடு வாடிப்போய் நின்றது. எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சாம்பல் நிற வானத்தைப் பார்த்து மனசு நிறைந்தது.

பெரியவர் ஓஸைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "மூணு நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்குனேன் தம்பி" என்றார். எங்களுக்கும் டீ வந்தது.

கோத்தகிரி வழியாகத் தூறலோடு இறங்கினோம். மாமா அன்று இரவே தெர்மாமீட்டரைக் கொட்டகையில் மாட்டிவிடுவார் என்று நினைத்தேன். குஞ்சு இறங்குகிற வாரம், கொட்டகைக்குள் 33, 34 டிகிரி இருக்க வேண்டும், அது அவருக்கு அவசியம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு போன். வானம் தெளிந்திருந்தது.

"மாப்ள, மஞ்சக்காட்டுல நிக்கறேன். தலைக்கு மேல 20 காட்டுது. பாத்தியில வெச்சா 18. இங்கயும் கீழதான் குளுரு!"