நாச்சியார்கோவிலில் ஒரு பித்தளைக் கப்பல்

உழவன் எக்ஸ்பிரஸ் என்னைக் கும்பகோணத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷன் வாசலில் மாமா நின்றிருந்தார். மஞ்சப்பை, மடித்துக் கட்டிய வேட்டி, வயது 65. என்னைப் பார்த்ததும் வலது கையை உயர்த்தி, சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒரு கட்சி, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னொரு கட்சி என்று பிரித்து நிறுத்தினார். "எத்தனை பேரு சார், நாலு பேரா?" என்று கேட்டபடி ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்துவிட்டார்.

அது ஸ்பாக் வைக்கும் வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளித் தொடர் அது. மூன்று சீசன், 79 எபிசோட், 1969-ல் மூடுவிழா. எண்பதுகளின் நடுவில் நம் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்டார்கள். அதைப் பார்த்து மாட்டிக்கொண்ட மூன்று பேர் நாச்சியார்கோவில் வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். மாமா, ஒரு விளக்குப் பத்தர், ஒரு விவசாயி. செப்டம்பர் 8-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று பத்தர் பட்டறையில் கூடி ஒரு எபிசோடாவது பார்த்துவிட்டுத்தான் கலைவார்கள். இந்தத் தடவை "நீயும் வா மாப்ள, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா" என்று அழைப்பு வந்தது. அழைப்பு எனக்கா லேப்டாப்புக்கா என்று நான் கேட்கவில்லை.

கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

குடவாசல் பஸ் அரசலாற்றைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை. பாதி அறுத்தாயிற்று, பாதி நிற்கிறது. தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். டிரைவர் இன்னொரு பாதியில் பஸ்ஸை ஊசி கோப்பது மாதிரி ஓட்டினார். தொடரில் ஆட்கள் கரைந்து வேறிடத்தில் முளைக்கும் அந்த டிரான்ஸ்போர்ட்டர் கருவியைப் பற்றி மாமா பாடம் எடுக்க ஆரம்பித்தார். "வாரா வாரம் ஒரு கிரகத்துல கப்பல எறக்கிக் காட்டணும்னா செட்டுச் செலவு தாங்காது. அதனால ஆளையே கரைச்சு அனுப்பிட்டாங்க. பஞ்சத்துல பொறந்த ஐடியாடா அது." பத்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனதால் பாடத்தை முழுதாகக் கேட்க முடிந்தது.

இவர்கள் மூவரும் அதைப் பார்க்க ஆரம்பித்த கதையை நான் சின்ன வயதிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். நாச்சியார்கோவிலில் அப்போது இவர்களுக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் டிவி இல்லை. கும்பகோணம் பெரிய தெருவில் ஒரு பாத்திரக்கடை முதலாளி வீட்டில் இருந்தது. பத்தர் அவருக்கு விளக்கு வார்த்துக் கொடுப்பவர். ஞாயிறு காலை சரக்குக் கொடுக்கிற சாக்கில் போய் கூடத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். சைக்கிள் விவசாயியுடையது என்பதால் அவர் போனார். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் மாமா போனார். மாமா படித்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில், கணிதம். கணிதமேதை ராமானுஜன் இங்கிலீஷில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்த அதே கல்லூரி. மாமாவின் இங்கிலீஷ் எப்படியிருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரியாத இடத்தையெல்லாம் அவர் சொந்தச் சரக்கால் நிரப்பினார். கூர்மையான காதுள்ள ஸ்பாக் 'காதுக்காரர்'. இன்ஜின் அறையில் அல்லாடும் ஸ்காட்டி 'மெக்கானிக்'. காதுக்காரர் எந்த ஊர் என்று பத்தர் கேட்க, வல்கன் என்று மாமா சொல்லியிருக்கிறார். பத்தருக்குத் தெரிந்த வல்கன் ஒன்றுதான்: மெயின் ரோட்டில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் வல்கனைசிங் கடை. டயர் வேலை செய்கிற கிரகத்திலிருந்து வந்தவர், அதனால்தான் கப்பலில் எதையும் பதறாமல் பார்க்கிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாராம். கப்பலின் மேல் எழுதியிருந்த என்சிசி 1701-ஐப் பார்த்து, காலேஜில் என்சிசி-யில் இருந்த மாமாவை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்ததும் உண்டு.

பட்டறை தெற்குப் பார்த்தது. உள்ளே போனதும் கரிப்புகையும் சூடான மண்ணும் கலந்த வாசனை. காவிரிக் கரையிலிருந்து எடுத்துவரும் வண்டல் மண்ணில்தான் இங்கே அச்சு. மாவு மாதிரி நைசான மண். கையில் பிடித்தால் ரேகை பதிகிறது, உருக்கின பித்தளையை ஊற்றினாலும் வெடிக்காது. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு முடுக்குவார்கள். நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை பத்தர் சொல்ல மறக்கவில்லை.

பீரோவுக்குப் பின்னாலிருந்து, பழைய துண்டில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்தார். அதுதான் எண்டர்பிரைஸ், தொடரில் வரும் விண்கப்பல். எட்டுக் கிலோ பித்தளை. கழுத்தும் இரண்டு பக்க இன்ஜின்களும் விளக்குத் தண்டுகள். அடிவயிறு தனியாக வார்த்தது. முன்னால் இருக்கும் வட்டத்தட்டு, சாட்சாத் குத்துவிளக்கின் எண்ணெய்த் தட்டு. ஐந்து முகத்தோடு.

"டேய், அதுக்கு முகம் கிடையாதுடா, தட்டு மட்டும்தான்டா" என்றார் மாமா. இருபது வருடமாகச் சொல்கிறாராம்.

"தட்டுன்னா முகம் இருக்கணும். இல்லன்னா அது சோத்துத் தட்டு" என்றார் பத்தர். இருபது வருடமாக இதுதான் பதில்.

என்னைப் பார்த்துப் பத்தரும் அந்த வணக்கம் வைத்தார். ஆனால் அவருக்கு மோதிர விரல் மடங்காது, விலகாது. எப்போதோ உருக்கும் மூசையிலிருந்து தெறித்த பித்தளை. அதனால் மூன்று கோடாக நிற்கிறது. "நாச்சியார்கோவில்ல நாமம் போடாம எப்படி" என்று அவரே சிரித்தார். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் அந்தச் சைகையைச் சின்ன வயதில் யூத ஜெபாலயத்தில் குருமார் ஆசீர்வதித்தபோது பார்த்த ஞாபகத்தில் எடுத்துக்கொண்டார் என்று சொன்னேன். பத்தர் தலையாட்டினார். "அப்ப கோயில் சமாச்சாரம்தான். நான் அப்பவே நெனைச்சேன்."

அந்த ஐந்து முகத்தில் ஒரே ஒருமுறைதான் திரி போட்டிருக்கிறார். 2015 பிப்ரவரி 28, சனிக்கிழமை. நிமாய் முந்தின நாள் இறந்த செய்தியை மாமா பேப்பரில் பார்த்துவிட்டுப் போன் பண்ணியிருக்கிறார். "வீட்டுல கேட்டா, யாருக்கு வெளக்குன்னு. காதுக்காரர் தவறிட்டாருன்னேன். நம்ம கடைத்தெரு ஆளுன்னு நெனைச்சுக்கிட்டு, எப்ப எடுக்குறாங்கன்னு கேட்டா." தட்டின் ஒரு முகத்தில் கறுப்பு இன்னும் இருந்தது. எல்லா இடத்தையும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பவர், அதை மட்டும் தேய்க்கவில்லை.

விவசாயி அப்போதும் வந்தபாடில்லை. கொள்முதல் நிலைய வாசலில் அவருடைய நெல் நான்கு நாளாகக் குவிந்து கிடந்தது. சரி என்று கோவிலுக்குப் போய்வந்தோம். இங்கே தாயாருக்குத்தான் முதல் மரியாதை, பெருமாள் பின்னால்தான். பார்க்க வேண்டியது கல் கருடன். மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாடு. சன்னதியிலிருந்து கிளம்பும்போது 4 பேர் தூக்குவார்கள். பிறகு 8, 16, 32, 64 என்று கூடி, வாசலுக்கு வரும்போது 128 பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது வழக்கம்.

மாமா சன்னதியில் நின்றுகொண்டு என் காதில் சொன்னார்: "இது ரெண்டு மடங்காக் கூடுது. டிரிபிள் பதினோரு மடங்கு."

டிரிபிள் என்றால் இவர்கள் உயிரை விடும் எபிசோட். 1967 டிசம்பர் 29-ல் ஒளிபரப்பானது, டேவிட் ஜெரால்ட் எழுதியது. ஒரு விண்வெளி நிலையத்தில் விதைத் தானியம் மூட்டையாகக் காத்திருக்கிறது, வேறொரு கிரகத்துக்குப் போக. அங்கே ஒரு வியாபாரி டிரிபிள் என்ற பிராணியைக் கொண்டுவருகிறான். கையளவு ரோம உருண்டை. கண் காது கிடையாது, மடியில் வைத்தால் பூனை மாதிரி குறுகுறுக்கும். தின்னும், குட்டி போடும். வேறு வேலை இல்லை. கடைசியில் கேப்டன் கர்க் தானியக் கிடங்கின் மேல்கதவைத் திறக்க, தானியத்தைத் தின்று தீர்த்த டிரிபிள்கள் அவர் தலைமேல் கொட்டுகின்றன. எத்தனை என்று ஸ்பாக் சொல்லும் கணக்கு 17,71,561. மாமா இதை முதலில் கேட்ட அன்றே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தாராம். ஒன்று பத்துக் குட்டி போட்டால் பதினொன்று. 12 மணி நேரத்துக்கு ஒரு ஈடு, மூன்று நாளைக்கு ஆறு ஈடு. பதினொன்றை ஆறு தடவை பெருக்கினால் சரியாக அந்த எண். "ஒண்ணு கூடக் கொறைய இல்லடா! டிவிக்காரன் சும்மா அடிச்சு விடலடா!" பிற்பாடு முப்பது வருடம் அடுக்குகள் பாடத்தை இதை வைத்துத்தான் நடத்தினார். (அந்த எபிசோடைத் தூர்தர்ஷனிலேயே பார்த்தோமா, பின்னாளில் கேபிளிலா என்பதில் மூவருக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. எனவே சைக்கிள் கேரியர் விவரத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை.)

படப்பிடிப்புக்குத் தைத்தது சுமார் 500 பஞ்சு உருண்டைகள்தான் என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிப்பதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தர் ஒரு அஞ்சலட்டையைக் காட்டினார். 15 பைசா அட்டை, பழுத்துப்போய். அமெரிக்காவில் இரண்டாவது சீசனோடு தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் லட்சத்துக்கும் மேல் கடிதம் எழுதினார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் தொடரும், தயவுசெய்து எழுதுவதை நிறுத்துங்கள் என்கிற மாதிரி டிவியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளி, ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மறுஒளிபரப்பில்தான் அது உண்மையில் ஜெயித்தது. 1976-ல் நாசாவின் முதல் விண்ஓடத்துக்கே வேறு பெயரை மாற்றி எண்டர்பிரைஸ் என்று வைத்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதித்தான். அந்த எண்டர்பிரைஸ் சோதனைக்கு மட்டும் பறந்தது, விண்வெளிக்குப் போகவே இல்லை.

இங்கே தொடர் நின்றபோது இவர்களும் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் போதும் என்று விவசாயி. இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பான் என்று மாமா. ஆளுக்கு ஒரு அட்டையா, ஒரே அட்டையில் மூன்று கையெழுத்தா என்று பத்தர். அட்டையில் முகவரி இருக்கிறது. 'ஐயா,' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு விவசாயி வந்து சேர்ந்தார். தலையெல்லாம் உமி. "வா தம்பி" என்று என்னிடம் ஒரு வார்த்தை, பிறகு நேராக லேப்டாப் முன்னால். டிரிபிள் எபிசோட் ஓட ஆரம்பித்தது. கிடங்கில் இருக்கும் தானியம் கோதுமையும் ரை என்கிற இன்னொரு தானியமும் கலந்த ஒட்டு ரகம் என்று மாமா விளக்க, "ஏக்கருக்கு எத்தனை மூட்ட காணும்?" என்றார் விவசாயி. டிரிபிள் வந்ததும், "பல்லு இல்ல, வாலு இல்ல, ஓடவும் ஓடாது. இதுக்கு என்னாத்துக்குப் பயப்படுறாங்க? நாலு கிட்டி வெச்சா முடிஞ்சுது" என்றார். கிட்டி என்பது தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் எலிக்கு வைக்கும் மூங்கில் வில் பொறி. போன வாரம் வயலில் அவர் கிட்டி வைத்து எலி பிடித்திருக்கிறார், அந்தத் தெம்பு.

கேப்டன் கிடங்குக் கதவில் கை வைக்கும் இடம். வெளியே இடி. விவசாயி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. நாலு பேரும் ஓடினோம். கொள்முதல் நிலையம் பக்கத்துத் தெருதான் என்றாலும், வரிசையாக ஆள் உயரக் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் படுதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் பிடித்த முனையைக் காற்று பிடுங்கியது. "மேல ஏறு தம்பி, மேல ஏறு!" என்றார் விவசாயி. ஏறினேன். முழங்கால்வரை நெல்லில் புதைந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஈர நெல் புழுங்குகிற சூடு அது, நல்லதில்லை என்று பிறகு சொன்னார்கள். மழை பத்து நிமிடம் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

திரும்பி வந்து, ஈரச் சட்டையோடு விட்ட இடத்திலிருந்து போட்டோம். கதவு திறந்தது. கேப்டன் தலையில் உருண்டைகள் கொட்டின. மாமா வாய்க்குள் எண்ணைச் சொல்லிக்கொண்டார். பத்தர் ஒவ்வொரு உருண்டைக்கும் சிரித்தார். அவற்றில் நிறைய செத்துக் கிடப்பதை வைத்துத்தான் தானியத்தில் விஷம் கலந்திருப்பது தெரியவரும். விவசாயி மடியிலிருந்து நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடக்கென்று உடைகிறதா, நசுங்குகிறதா என்று. நசுங்கியது.

"ஏன்டா, அவ்வளவு பெரிய குடோன்ல வெச்சிருக்கானே, ஈரப்பதம் எவ்வளவுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டானா?"

"அவங்களுக்கு விஷம் இல்லாம இருந்தாப் போதும்" என்றார் மாமா. "உனக்குத்தான் ஈரம் பதினேழு சதவீதத்துக்குள்ள இருக்கணும்."

"அது சரி" என்று மிச்ச நெல்லை மறுபடி மடியில் முடிந்துகொண்டார். "இன்னொண்ணு போடு தம்பி. மெக்கானிக் வர்றது ஏதாவது."