கறுப்பாகப் போனால் பயப்படாதீங்க

தருமபுரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். குழந்தையைப் பார்த்ததும் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் இரத்தசோகைச் சந்தேகம் வரும். அடுத்த கேள்வி, "மண்ணு திங்கிறானா?" அம்மா சிரித்து மழுப்புவார். பாட்டிதான் ஆமாம் என்பார்.

ஐந்து வயதுக்குள் 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் சிறு குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு இது இருந்தது. சத்தான சாப்பாடு இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது அதன் இளம்புழு தோலைத் துளைத்து ஏறும். பிறகு குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். மலேரியாக் கிருமி சிவப்பணுவையே உடைக்கும் என்றாலும், எங்கள் ஊர்களில் புழுதான் பெரிய தலைவலி.

புழுவுக்கான அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது சுலபம். ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, பொடித்து. அதற்கு மேல் முழுசு; மூன்று வயது வரை பொடித்துத்தான், பிறகு மென்று தின்ன வேண்டும். இன்னொன்று கேட்கும் வாண்டுகளும் உண்டு!

இரும்புச்சத்து சிரப்தான் பாடு. வாரம் இருமுறை 1 மில்லி, அவ்வளவுதான். ஆனால் மலம் கறுப்பாகப் போனதும் "ஒத்துக்கல சிஸ்டர்" என்று பாட்டிலை மாடத்தில் வைத்துவிடுவார்கள். அதனால் கறுப்பாகத்தான் போகும், டீயோடு மட்டும் கொடுக்காதீங்க என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முக்கியமாகப் பாட்டியிடம். மருந்து விஷயத்தில் வீட்டுத் தீர்ப்பு அவருடையது.