விரல் நுனி ரத்தமும் 60 என்ற கோடும்

நான் லேப் டெக்னீசியன். சிறுநீரக நோய் கண்டறியும் முகாம்களில் கையடக்கக் கருவியோடு உட்காருவதும் என் வேலைதான். ஒரு சொட்டு ரத்தம், ஒரு ஸ்ட்ரிப், கொஞ்ச நேரத்தில் திரையில் கிரியேட்டினின் அளவு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது; வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறும். இந்த வேகம் பெரிய வரம். ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் வருவதே இல்லை.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து "உங்களுக்குக் கிட்னி நோய்" என்று அங்கேயே சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு கணக்கு பாருங்கள். 60 வயதுப் பெண், கிரியேட்டினின் 1.0. கிரியேட்டினின், வயது, பாலினம் வைத்துக் கணக்கிடும், 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரப்படி அவருடைய இ-ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 64-ஐத் தாண்டும். கருவி 1.1 காட்டினால் 58-க்குக் கீழே இறங்கிவிடும். நோயைச் சந்தேகிக்கும் கோடு இருப்பதோ 60-இல்; அதற்குக் கீழே போனால் சந்தேகம். இந்தக் கருவிகளில் கிரியேட்டினின் 0.1 முன்னே பின்னே போவது சாதாரணம்.

ஸ்பிரிட் காயும் முன்பே குத்துவார்கள். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிவார்கள். திசு நீர் கலந்துவிடும். ஸ்ட்ரிப் டப்பா வெயிலில் கிடக்கும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், சற்றுமுன் இறைச்சி சாப்பிட்டு வந்தவருக்கு அளவு ஏறித்தான் இருக்கும்.

கிரியேட்டினினைக் கூடுதலாகக் காட்டினால் லேபில் தெரிந்துவிடும். வீண் பயத்தோடு போயிற்று. குறைத்துக் காட்டும் கருவிதான் ஆபத்து. ஆரம்பக் கட்டத்தில் அறிகுறியே இருக்காது. 'நார்மல்' என்று கேட்டு நிம்மதியாகப் போனவர் திரும்ப எப்போது வருவார்? அதனால்தான் ஒவ்வொரு முகாமிலும் சிலருக்காவது நரம்பிலும் ரத்தம் எடுத்து லேப் அளவோடு ஒப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். கருவி தொடர்ந்து குறைத்தே காட்டுகிறது என்றால், இ-ஜிஎஃப்ஆர் 60-க்குச் சற்று மேலே இருப்பவர்களையும் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அப்புறம் சிறுநீர். கிரியேட்டினின் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம். அதைப் பார்க்காத முகாம் பாதி முகாம்தான்.

ஒரு அம்மா சீட்டை நீட்டி, "தம்பி, இது நல்லதா கெட்டதா?" என்றார். இ-ஜிஎஃப்ஆர் 57 என்று இருந்தது. "இன்னும் முடிவு பண்ணலம்மா. லேப்ல ஒரு தடவை பார்ப்போம். அப்பவும் குறைவா இருந்தா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும்" என்றேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட நோய். எண்ணுக்குப் பக்கத்திலேயே 'கைக்கருவி அளவு, லேபில் உறுதி செய்யவும்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். முகாம் நடத்துபவர்கள் இதைச் சீட்டிலேயே அச்சடித்துவிட வேண்டும்.