இரண்டு சமையலுக்கு நடுவே: செர்மாட் நாட்குறிப்பு

யூலை 7, திங்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடைசிச் சட்டியைக் கவிழ்த்தபோது இரண்டேகால். ஐந்தரைக்கு ராச்சாப்பாட்டுக்குத் திரும்பவும் ஏப்ரன் கட்ட வேண்டும். சுவிஸ் ஹோட்டல்களில் இந்த இடைவெளிக்கு ட்சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். அறைக்குப் போய்க் கால் நீட்டுகிற நேரம். எங்கள் குசினியில் முப்பது வருசமாகக் கோப்பை கழுவுகிற அண்ணை அந்தச் சொல்லின் அர்த்தத்தை ஒரு நாளும் மீறியதில்லை. சைக்கிளை நான் வெளியே உருட்டியதும் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"விழுறதுக்குக் காசு கட்டி மேல போறியோ தம்பி?"

செர்மாட்டுக்குள் வெளியூர்க் கார்கள் வர முடியாது. எல்லாம் கீழே டேஷ் என்ற ஊரிலேயே நின்றுவிடும். எங்களுக்கு உருளைக்கிழங்கு மூட்டை வருவதும் பற்றரி வண்டியில்தான். அந்த வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை சத்தமே கேட்காது. மலையில் பயந்ததைவிட ஸ்டேஷன் வீதியில் பயந்தது கூட.

இன்று போனது ஊருக்கு மேலே உள்ள சுனெக்காவுக்கு. 1980இலிருந்து மலையின் வயிற்றுக்குள் சுரங்கத்தில் ஓடுகிற கம்பி ரெயின் ஒரு சில நிமிடத்தில் 2,288 மீற்றருக்குக் கொண்டுபோய் விட்டது. ஊர் இருப்பது 1,600 சொச்சத்தில். சைக்கிளுக்கென்றே மெஷின் வைத்து வெட்டிய பாதையில் வளைவுக்கு வளைவு கிண்ணம் மாதிரி மண் அணை கட்டியிருக்கிறார்கள். கை வலிக்காமல் இறங்கி வந்தேன். இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் கோவாச் சாலட்டுக்கு மேல் ஊற்றுகிற அதே போத்தல் சோஸ் மாதிரி, இரண்டாம் தரம் போனால் அதே ருசிதான்.

யூலை 9, புதன்

இன்று கோர்னர்கிராட் மலைக்கு ஏறுகிற ரெயின். 1898இல் ஓடத் தொடங்கியது, அப்போதே மின்சாரம். தண்டவாளத்துக்கு நடுவில் பல்லு வைத்த இரும்பு, அதைப் பிடித்துப் பிடித்து 3,089 மீற்றருக்கு ஏறும். நான் பாதி வழியில் ரிஃபெல்ஆல்ப்பில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து ஊருக்கு வருகிற பழைய பாதை காட்டுக்குள்ளால் போகிறது. இங்கே ஆர்வ (Arve) என்று சொல்கிற மலைப் பைன் மரங்களும் லேர்ஷ் (larch) ஊசியிலை மரங்களும், வழியெல்லாம் வேர்.

அந்த வளைவை இன்றுதான் கண்டேன். இடப்பக்கம் திரும்ப வேண்டும். உள்விளிம்பில் தொடை மொத்தத்தில் ஒரு ஆர்வ வேர், சப்பாத்துகள் தேய்த்துத் தேய்த்து அதில் மெழுகு பூசின மினுக்கம். வேருக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு கல் படி. படியை விட்டு இறங்கும்போதே முன் சில்லு திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரே பள்ளம். என்னுடைய சைக்கிள் 29 அங்குலச் சில்லு, நீளமான வண்டி. பாதை அகலம் அதைவிடக் குறைவு.

மூன்று தரம் ஏறி வந்து பார்த்தேன். மூன்று தரமும் கால் ஊன்றினேன்.

சைக்கிள் பாதை எவ்வளவு கடினம் என்று ஜெர்மன்காரர் வைத்திருக்கிற கணக்கில் பாதைகள் S0 முதல் S5 வரை. S0 என்றால் என் அம்மாவும் ஓட்டுவார். இந்த மாதிரி வளைவு தொடங்குவது S3இல். நேற்றுவரை நான் S2 ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யூலை 10, வியாழன்

திரும்பவும் அதே இடம், அதே கதை. கீழே வந்து நின்றபோது பின் பிரேக்கில் எரிந்த மணம். தட்டு நீலம் பாய்ந்திருந்தது. போத்தலிலிருந்து ஒரு துளி விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரிச் சீறிக்கொண்டு போனது. வழி நெடுக விரலை எடுக்காமல் அமத்திக்கொண்டு வந்த குற்றம் என்னுடையதுதான். பயத்தில் பிரேக் பிடித்தால் பிரேக் சூடாகும், சூடானால் பிடி குறையும், பிடி குறைந்தால் இன்னும் பயம்.

பல்லு ரெயின் இந்த விசயத்தில் கெட்டிக்காரி. இறங்குகிறபோது மோட்டரே பிரேக்காகிறது, அதில் உண்டாகும் மின்சாரம் மேலே கம்பிக்குத் திரும்பிப் போகிறது. ஏறி வருகிற மற்ற ரெயின் அதை எடுத்துக்கொள்ளும். என்னுடைய பயம் முழுக்க வெறும் புகை.

இனி நேரான துண்டில் விரலைத் தளர்த்தி, வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும். எழுத லேசாகத்தான் இருக்கிறது.

யூலை 12, சனி

மழை. போகவில்லை. லோட்ஷன் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பெண் ஒருத்தி எங்கள் குசினியில் இனிப்புச் செய்கிறாள். மே 28ஆம் திகதி பனியாறு இடிந்து அங்கே பிளாட்டன் ஊரை மூடியதிலிருந்து, மழை பெய்தால் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஊரவரை ஒன்பது நாள் முதலே வெளியேற்றிவிட்டார்கள், அதனால் பல உயிர்கள் தப்பின. மலை பற்றிப் பேசும்போது இன்று யாரும் பகிடி விடவில்லை.

யூலை 14, திங்கள்

ஊருக்கு மேலே நிற்கிற மாட்டர்ஹோர்ன் மலையின் உச்சியை மனிதர் முதன்முதல் தொட்டு இன்றோடு 160 வருசம். ஊர்க்காரர் அதை ஹோரு என்றுதான் சொல்வார்கள், கொம்பு. 1865 யூலை 14 அன்று ஏறியவர்கள் ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பரோடு சேர்த்து ஏழு பேர். ஏறினது ஏழு, ஊருக்குத் திரும்பினது மூன்று. நாலு பேர் விழுந்தது இறக்கத்தில். அறுந்த கயிறு இங்கே மியூசியத்தில் இருக்கிறது. போன கிழமை போய்ப் பார்த்தேன், என் சுண்டுவிரல் மொத்தம்கூட இராது.

பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன். "ஏறுறவனுக்கு மூச்சு வாங்கும், இறங்குறவனுக்குப் புத்தி வாங்கும்" என்றார். இவர் எந்த மலையிலும் ஏறியதில்லை. இதை எங்கே பிடித்தாரோ தெரியாது.

யூலை 16, புதன்

விழுந்தேன். அந்த வளைவிலும் இல்லை, அதற்கு நூறு மீற்றர் மேலே, மாடுகூட விழாத இடத்தில். மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் இருக்க அங்கங்கே குறுக்கே, கொஞ்சம் சரிவாக, மரக்கட்டை புதைத்திருக்கிறார்கள். நனைந்த லேர்ஷ் கட்டை சவர்க்காரம் மாதிரி. அதை நேர்குத்தாகக் கடக்க வேண்டும். நான் சரிவாகக் கடந்தேன், அதுவும் பிரேக்கோடு. முன் சில்லு கட்டையின் நீளத்துக்கே வழுக்கிக்கொண்டு போக, தோளில் விழுந்தேன்.

எழும்பாமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். மூக்குக்குக் கிட்ட ஒரே குழியிலிருந்து ஐந்தாறு ஆர்வக் கன்றுகள், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. கொட்டை உடைக்கும் பறவை ஒன்று இங்கே இருக்கிறது, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மாரிக்கென்று ஆர்வ விதைகளை மண்ணுக்குள் ஒளித்துவைக்கும், எடுக்காமல் விட்டவை முளைக்கும். இந்த மரத்தின் விதைக்குச் சிறகு இல்லை, காற்றில் போகாது. இந்தக் காடே அந்தப் பறவை மிச்சம்விட்ட சாப்பாடுதான். என் பின் ரயர் கன்றுகளிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

இடக்கையால் வெங்காயம் வெட்டினேன். செஃப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

யூலை 19, சனி

தோள் பரவாயில்லை. ஹோட்டலின் பின்முற்றத்தில் உருளைக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கி அந்த வளைவைக் கட்டினேன். வேருக்குப் பழைய தும்புத்தடி. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்தால் பின் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் இடுப்பால் ஒரு வீசு வீசினால் வண்டியின் வால் சுழன்று புதுத் திசைக்கு வந்துவிடும். கண் பெட்டியைப் பார்க்கக்கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்.

இருபது தரம் பெட்டி விழுந்தது. இருபத்தோராவது தரம் வால் சுழன்றது. சத்தத்துக்கு நித்திரை குழம்பிய அண்ணை சாரத்தோடு வாசலில் நின்றார். கொஞ்சம் பார்த்தார். பிறகு வந்து பெட்டிகளை இன்னும் நெருக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

யூலை 22, செவ்வாய்

ரிஃபெல்ஆல்ப்பில் இறங்கும்போது மூன்று மணி. பாதை காய்ந்திருந்தது. கட்டைகளை நேர்குத்தாக, பிரேக் விட்டுக் கடந்தேன். கன்றுகள் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது ஒருக்கால் பார்த்தேன், நிற்கின்றன.

வளைவுக்கு முன்னால் ஒரே பிடி. வேகம் நடையளவுக்கு வந்தது. முன் சில்லை வெளி ஓரத்தால் விட்டு, படியின் உதடு வரை கொண்டுபோய் முன் பிரேக்கை இறுக்கினேன். பின் சில்லு எழும்பியது. கண் கீழே போகிற பாதையைத் தேடியது, அங்கே ஒரு கிழவரும் கிழவியும், கையில் தடியோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பாதைகளில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. எழும்பின சில்லு அப்படியே கீழே வர, காலை ஊன்றினேன். வண்டியைத் தூக்கி வேர்மேல் சாய்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். கிழவி படியில் ஏறக் கை கேட்டார், கொடுத்தேன். கிழவர் என் பின் சில்லையும் வளைவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இதிலேயா?" என்றார்.

"இன்னும் இல்லை" என்றேன்.

மணி நாலு. ஐந்தரைக்கு அறுபது பேருக்கு ரோஸ்டி, துருவிப் பொரிக்கிற உருளைக்கிழங்கு. இன்னொரு தரம் மேலே உருட்டிப் போக நேரம் இருந்தது.