ஆத்திரமும் அழுகையும்

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒற்று மிகும் இடம், மிகா இடம், வரி உடையும் இடம் என்று கண் எழுத்திலேயே நிற்க வேண்டும். கதைக்குள் இறங்கிவிட்டால் பிழை தப்பிவிடும். ஒரு புத்தகத்தில் இறங்கிவிட்டேன்.

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா' குறுநாவலின் தமிழாக்கம் அது. 1872-இல் நூலில் வந்த கதை. 'டிராகுலா'வுக்கு 25 ஆண்டுகள் மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவில், காட்டு நடுவே ஒரு கோட்டை. தாயில்லாப் பெண் லாரா அங்கே வளர்கிறாள். விருந்தாளியாக வந்து தங்கும் கார்மில்லா ஒரு ரத்தக்காட்டேரி.

ஒருநாள் சவ ஊர்வலம் ஒன்று போகிறது. இறந்தவள் வனக்காவலரின் ஒரே மகள். லாரா எழுந்து நின்று துதிப்பாடலில் சேர்ந்து பாடுகிறாள். கார்மில்லா அவளைப் பிடித்து உலுக்குகிறாள். விரல்களால் காதைப் பொத்திக்கொள்கிறாள். முகம் கறுக்கிறது, பல்லைக் கடிக்கிறாள், குளிர்காய்ச்சல் கண்டவள்போல் உடல் உதறுகிறது. துதிப்பாடல் காட்டேரிக்கு ஆகாது என்று இதற்குக் காரணம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அவளும் ஒருகாலத்தில் இறந்துபோன இளம்பெண்தானே?

தமிழ்ப் படியில் அந்த இடத்தில், 'அவள் மிகவும் வருந்தினாள்' என்று இருந்தது.

அக்கா இறந்த வீடு நினைவுக்கு வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் வாயு என்று கஷாயம் வைத்துக் கொடுத்தவர்கள், "அவள் விதி அவ்வளவுதான்" என்றார்கள். ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "என்ன பொறுமை இவளுக்கு" என்று பின்னால் குரல் கேட்டது.

சொல்லை மாற்றும் உரிமை எனக்குக் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் 'ஆத்திரம்?' என்று எழுதினேன். ஆத்திரமும் அழுகையுமாக வந்தது என்று ஒரே மூச்சில் சொல்கிற மொழி நம்முடையது. பெண்ணைப் பற்றி அச்சில் ஏற்றும்போது ஏன் பாதியை வெட்டிவிடுகிறோம்?

மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "அவள்மேல் இரக்கம் வரட்டும் என்றுதான் மென்மையாக்கினேன், மேடம்."

"ஆத்திரத்தோடு இருந்தாலும் வரும், சார். எனக்கு வந்தது."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மெய்ப்பில் 'ஆத்திரம்' இருந்தது; கடித்த பல்லும் இறுகிய கைகளும் மூலத்தில் உள்ளபடியே திரும்பி வந்திருந்தன.

அந்தப் பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழைகள் அப்படியே அச்சாகிவிட்டன. மூன்று முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.