துறைமுகத்துக்குப் பின்னால் என்ன இருக்கப் போகிறது?

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க 2018 இல் கடனாக ஒதுக்கப்பட்ட 45.27 மில்லியன் டொலருக்குப் பதிலாக, 61.5 மில்லியன் டொலரை நன்கொடையாகவே தருவதாக 2024 இல் இந்தியா அறிவித்தது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரலில் கைவிரித்த நாட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆயினும் அங்கிருந்து எதை ஏற்றி அனுப்பப் போகிறோம் என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

முன்பு நிலைமை வேறு. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி தொடங்கியபோது மூலப்பொருளான சுண்ணக்கல் அருகிலேயே கிடைத்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு ஆனையிறவு உப்பு இருந்தது. போரில் இவை யாவும் நின்றன. போருக்குப் பின்னர் இந்தியக் கடனுதவியுடன் புகையிரதப் பாதை 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் எட்டியது; 2019 இல் பலாலி விமான நிலையமும், 2023 இல் நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பலும் வந்தன. பாதைகள் திரும்பினவே தவிர, தொழிற்சாலைகள் திரும்பவில்லை. பொருட்களையும் சேவைகளையும் பெரும்பாலும் தன்னிடமே வாங்க வேண்டுமென்பது இந்தியாவின் இத்தகைய கடன்களின் வழக்கமான நிபந்தனை என்பதால், எங்கள் இளம் பொறியியலாளர்களும் ஒப்பந்தகாரர்களும் இவ்வேலைகளில் கற்கக்கூடியதும் குறைகிறது.

உதவி செய்வோரிடையேயான போட்டிக்கு விலை கொடுப்பவர்களும் நாங்களே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தபின், 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. இதற்கிடையில் தீவுமக்கள் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், சுண்ணக்கல் அடுக்குகளில் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. மேலே கொட்டுவது எதுவும் விரைவில் கீழே இறங்கிவிடும். சுன்னாகத்தில் மின்னுற்பத்திக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம்வரை சென்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 இல் தீர்ப்பானது. அந்தத் தொகையால் நிலத்தடி நீரைக் கழுவிவிட முடியாது. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததும் நியாயமே, அது அவர்களுடைய வயலின் உயிர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்துள்ளது. ஆனால் அது குடிப்பதற்கான நீர், அதைத் தொழிற்சாலைக்குக் கணக்கு வைக்கக்கூடாது.

ஆகவே சுண்ணக்கல்லை மறுபடி தோண்டிச் சீமெந்து செய்வதை நான் விரும்பவில்லை. நண்டும் மீனும் பனம்பொருளும் பழமும் இங்கேயே பதனிடப்பட்டு, இங்கேயே தரச்சான்று பெற்று, காங்கேசன்துறையில் கப்பலேற வேண்டும். அதற்குத் துறைமுகத்தை அண்டிக் குளிரூட்டிய களஞ்சியமும் ஆய்வுகூடமும் தேவை. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் தேவை. அலைதடுப்புக்குச் செலவிடும் நிதியோடு ஒப்பிட்டால் இவை சிறிய செலவுகள். துறைமுக ஒப்பந்தங்கள் இறுதியாகும் முன்னரே இவற்றையும், உள்ளூர் ஒப்பந்தகாரர்களுக்குரிய பங்கையும், எழுத்தில் சேர்க்குமாறு எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கேட்க வேண்டும்.