ஹெல்த் ரிசர்ச்சுக்கு அரசு கிராண்ட் போட்ட அனுபவம்: பட்ஜெட்டை முதல்ல எழுதுங்க

எங்க ப்ராஜெக்ட்டுக்கு கிராண்ட் சாங்ஷன் ஆனதுல இருந்து ஜூனியர்ஸ் நிறைய பேர் "அந்த ப்ரொபோசலை அனுப்புங்க, பாத்து எழுதிக்கறோம்"னு கேக்கறாங்க. அனுப்பறதுல ஒண்ணும் இல்ல. ஆனா முடிஞ்சு போன ப்ரொபோசலை படிச்சா எல்லாமே முதல் நாள்லயே முடிவு பண்ணி எழுதின மாதிரி தெரியும், அது எப்படி அடிபட்டு அந்த வடிவத்துக்கு வந்துச்சுன்னு அதுல இருக்காது, அதான் வேணும்னா இதை படிங்க. கொஞ்சம் நீளம்.

எங்க கேள்வி ரொம்ப சாதாரணமானது. பிபி மாத்திரை ஆரம்பிச்சவங்க நிறைய பேர் கொஞ்ச மாசத்துல நிறுத்திடறாங்க, தலைவலி இல்ல மயக்கம் இல்ல, உடம்பு நல்லாதானே இருக்கு, எதுக்கு மாத்திரைன்னு. ஹெல்த் சென்டர்ல இருக்கற நர்ஸ் மாசா மாசம் போன் பண்ணி பேசினா அவங்க பிபி கட்டுக்குள்ள இருக்குமா? அவ்வளவுதான். மருந்து கம்பெனி எதுவும் இதுக்கு காசு குடுக்காது, விக்க ஒண்ணும் இல்லையே. அதனால அரசு நிதிதான் வழி.

எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவாங்கன்னா பின்னணி எழுத உக்காருவாங்க. உலகத்துல இத்தனை பேருக்கு பிபி, இத்தனை பேர் சாகறாங்கன்னு ரெண்டு பக்கம். அதை கடைசியில எழுதிக்கலாம், ப்ரொபோசலை மதிப்பிடற ரிவ்யூவருக்கு அதெல்லாம் தெரியும். நான் சொல்றது, கிராண்ட் அறிவிப்பை ரெண்டு தடவை நிதானமா படிச்சுட்டு நேரா பட்ஜெட்டுக்கு போங்க. கேக்க தலைகீழா இருக்கும், ஆனா பட்ஜெட்ங்கறது உங்க ஸ்டடியையே வேற பாஷையில எழுதறது, எத்தனை பேரை சேக்கணும், யார் சேக்கப்போறாங்க, எத்தனை மாசம், எத்தனை தடவை நேர்ல போய் பாக்கணும், இதுல எதையும் முடிவு பண்ணாம ஒரு வரி கூட பட்ஜெட்ல எழுத முடியாது. அறிவியல் பகுதியில மழுப்பலாம், பட்ஜெட்ல மழுப்ப முடியாது.

எங்களுக்கு எப்படி போச்சுன்னு சொல்றேன், இதுதான் இந்த மொத்த கதையிலயே முக்கியமான இடம். முதல்ல நாங்க அளக்க நினைச்சது, ஒரு வருஷம் கழிச்சு பிபி 140க்கு 90க்கு கீழ இருக்கா இல்லையா, ஆமா இல்ல ரெண்டே பதில். இப்போ பாதி பேருக்கு கட்டுக்குள்ள இருக்குன்னு வெச்சுக்கிட்டா, போன் பண்றதால அது 50 சதவீதத்துல இருந்து 60 ஆகும்னு எதிர்பாக்கறோம். 80 சதவீதம் பவர் (நிஜமா பலன் இருந்தா அதை கண்டுபிடிக்கற வாய்ப்பு), 5 சதவீதம் ஆல்ஃபா (இல்லாத பலனை இருக்குன்னு சொல்லிடற வாய்ப்பு)ன்னு வழக்கமான கணக்கு போட்டா, போன் வர்ற பக்கம், வராத பக்கம்னு ஒவ்வொண்ணுக்கும் கிட்டத்தட்ட 390 பேர். ரெண்டு பக்கமும் சேத்து 780, பரவாயில்லையே சமாளிச்சுடலாம்னு தோணும்ல? அங்கதான் ஸ்டாட்டிஸ்டிஷியன் உள்ள வந்தாங்க.

ஒரே சென்டர்ல பாதி பேருக்கு போன் பண்ணி பாதி பேருக்கு பண்ணாம இருக்க முடியாது, அந்த நர்ஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க, வெயிட்டிங்ல உக்காந்திருக்கறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க. அதனால ஆளை பிரிக்காம சென்டரையே பிரிக்கணும், சில சென்டர்ல போன் உண்டு, சில சென்டர்ல கிடையாது. இதுக்கு பேர் கிளஸ்டர் ட்ரயல். ஒரே சென்டர்ல வர்றவங்க ஒருத்தரை ஒருத்தர் ஒத்து இருப்பாங்க, ஒரே டாக்டர், ஒரே மருந்து ஸ்டாக், அதனால அங்க 20 பேரை சேத்தாலும் 20 தனித்தனி ஆளுக்கான தகவல் கிடைக்காது. டிசைன் எஃபெக்ட்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு சென்டருக்கு எத்தனை பேரோ அதுல ஒண்ணை கழிச்சு, ஐசிசியால (ஒரே சென்டர் ஆளுங்க எவ்வளவு ஒத்து இருக்காங்கன்னு காட்டற எண்) பெருக்கி, ஒண்ணை கூட்டணும். 20 பேர், ஐசிசி 0.05ன்னா 1.95 வருது. அதாவது 780 பேர் 1,500ஐ தாண்டிடுச்சு, நடுவுல விட்டுட்டு போறவங்க 15 சதவீதம்னு சேத்தா 1,800 கிட்ட, சென்டர் மட்டும் 90.

90 சென்டர்! அத்தனைக்கும் ஆள் போடணும், ட்ரெயினிங் குடுக்கணும், மெஷின் வாங்கணும். அந்த அறிவிப்புல இருந்த பண உச்சவரம்புக்குள்ள அடங்கவே அடங்காது. சரி சென்டரை குறைச்சுட்டு வித்தியாசத்தை பெருசா எதிர்பாக்கலாமேன்னு டீம்ல ஒருத்தர் சொன்னார். 50ல இருந்து 65 ஆகும்னு எழுதினா ஆள் எண்ணிக்கை பாதிக்கும் கீழ போயிடும்தான், ஆனா வெறும் போன் காலுக்கு அவ்வளவு பலன் வரும்னு எந்த ரிவ்யூவர் நம்புவார். நிறைய ப்ரொபோசல் இந்த இடத்துலதான் பொய் சொல்லுதுங்கறது என் அபிப்பிராயம், பணத்துக்கு ஏத்த மாதிரி எதிர்பார்ப்பை வளைச்சுடறாங்க, அப்புறம் ஸ்டடி முடிஞ்சதும் "பலன் இருக்கு ஆனா ஸ்டாட்டிஸ்டிக்கலா நிரூபிக்க முடியல"ன்னு பேப்பர் வரும்.

வழி வேற இடத்துல இருந்துச்சு. ஆமா இல்லன்னு அளக்கறதுக்கு பதிலா பிபி எத்தனை பாயிண்ட் குறைஞ்சதுன்னு அளந்தா? 139ம் 141ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஆமா இல்ல கணக்குல ஒருத்தர் பாஸ் ஒருத்தர் ஃபெயில், 180ல இருந்து 145க்கு வந்தவரும் ஃபெயில். அளந்த தகவலை நாமளே தூக்கி போடறோம். மேல் பிபியில 5 பாயிண்ட் வித்தியாசம், எஸ்டி (ஆளுக்கு ஆள் பிபி எவ்வளவு மாறுதுங்கற அளவு) 18ன்னு போட்டா ஒரு பக்கத்துக்கு 200 சொச்சம் பேர்தான், 1.95ஆல பெருக்கி விட்டுப்போறவங்களையும் சேத்தா மொத்தம் 930 பேர் வாக்குல, சென்டர் 50க்குள்ள. பாதியா குறைஞ்சிடுச்சு, யாரையும் ஏமாத்தாம. 5 பாயிண்ட் குறைஞ்சா என்ன பெரிசுன்னு கேப்பாங்களே, அதுக்கும் பதில் இருக்கு. 2021ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த ஆய்வு, 48 ட்ரயல்ல இருந்த 3.4 லட்சம் பேரோட தகவலை ஒண்ணா போட்டு பாத்தது, மருந்தால மேல் பிபி 5 பாயிண்ட் குறைஞ்சா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய பாதிப்பு சுமார் 10 சதவீதம் குறையுது. அந்த ஒரு வரிதான் எங்க ப்ரொபோசலோட முதுகெலும்பு. பின்னணி எழுதவே உக்காராம, பட்ஜெட்டோட மல்லுக்கட்டும்போது கிடைச்ச வரி அது.

இதனாலதான் ஸ்டாட்டிஸ்டிஷியனை முதல் வாரத்துலயே கூப்பிடுங்கன்னு சொல்றேன், கடைசி வாரம் போய் "ஒரு சாம்பிள் சைஸ் போட்டுக் குடுங்க"ன்னு நின்னா அவங்க ஒரு நம்பர் குடுப்பாங்க, ஸ்டடியை மாத்திக் குடுக்க முடியாது. அவங்களை சும்மா நன்றி சொல்ற லிஸ்ட்ல போடாம, பட்ஜெட்ல அவங்க நேரத்துக்கும் காசு போடுங்க.

அடுத்தது அந்த ஒரு பக்கம். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச்ல, ஸ்பெசிஃபிக் எய்ம்ஸ்னு ஆய்வோட நோக்கங்களை சொல்ற ஒரே ஒரு பக்கம் கேப்பாங்க, ஆர்01 மாதிரி பெரிய கிராண்ட்டுக்கு ஆராய்ச்சித் திட்டம் 12 பக்கம், ஆனா ரிவ்யூ ரூம்ல இருக்கற பல பேர் ஒழுங்கா படிக்கறது அந்த ஒரு பக்கத்தைத்தான். நீங்க எந்த நாட்டுல எந்த ஏஜென்சிக்கு போட்டாலும் சுருக்கம்னு ஒண்ணு கேப்பாங்க, அதை அப்படியே நினைச்சு எழுதுங்க. என்ஐஎச்ஐ சேந்த என்ஐஏஐடிங்கற நிறுவனம், நிதி கிடைச்ச சில விண்ணப்பங்களை ரிவ்யூவர் கருத்தோட சேத்து வெளியிட்டிருக்கு, தொத்து நோய் சம்பந்தப்பட்டதுதான், இருந்தாலும் படிங்க. எந்த வகுப்பையும் விட எனக்கு அது உதவுச்சு. ரிவ்யூவர் எங்க தடுக்கறாங்கன்னு கண்ணால பாக்கலாம்.

பொதுமக்களுக்கான சுருக்கம்னு இன்னொண்ணு கேப்பாங்க, அதை அலட்சியமா கடைசி ராத்திரி எழுதாதீங்க. கமிட்டில உங்க துறையை சேராதவங்க இருப்பாங்க, அவங்களுக்கு புரியற ஒரே பக்கம் அதுதான். நான் எழுதினதை மருத்துவமே தெரியாத சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுத்தேன், "போன் பண்ணா எடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னார். அதுக்கான பதிலை அப்புறம் ப்ரொபோசல்லயே சேத்தோம், மூணு தடவை முயற்சி, அப்புறம் வீட்டுக்கு நேர்ல போறதுன்னு. வீட்டுக்கு போறதுன்னா போக்குவரத்து, அதுவும் பட்ஜெட்.

எத்திக்ஸ் கமிட்டி பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, சீக்கிரம் போடுங்க அவ்வளவுதான். சென்டரை பிரிக்கற ட்ரயல்னா யார்கிட்ட சம்மதம் வாங்கறது, சென்டர் பொறுப்பாளர்கிட்டயா, ஒவ்வொரு நோயாளிகிட்டயான்னு கேப்பாங்க, நாங்க ரெண்டு பேர்கிட்டயும்னு எழுதினோம். மனுஷங்களை வெச்சு பண்ற மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் 1964ல வந்தது, 2024ல திருத்தினாங்க, அதுல ஆய்வுல சேர்றவங்களை பங்கேற்பாளர்கள்னு சொல்லுது, பழைய டெம்ப்ளேட்டை காப்பி பண்ணி படிவம் செஞ்சா இதெல்லாம் கவனிச்சு மாத்திடுங்க. ட்ரயல் ரெஜிஸ்ட்ரில பதிவு, முதல் ஆளை சேக்கறதுக்கு முன்னாடி. 2005ல இருந்து பெரிய மருத்துவ ஜர்னல்கள் அது இல்லாம பேப்பரை எடுக்கறதில்ல.

போர்ட்டல். அதை பத்தி பேசினா பிபி ஏறிடும். எழுத்து வரம்புல இடைவெளியையும் எண்ணுது, வேர்ட்ல இருந்து ஒட்டினா சின்னங்கள் எல்லாம் கேள்விக்குறியா மாறுது, நிறுவனத் தலைவர் கையெழுத்து போட்ட பக்கத்தை ஸ்கேன் பண்ணா பிடிஎஃப் சைஸ் பத்தலைங்குது. கடைசி நாள் அந்த பக்கமே போகாதீங்க. அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட முன்னாடியே போய் பேசி வெச்சுக்கோங்க, ஓவர்ஹெட் (நிறுவனம் தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கற பங்கு) எத்தனை சதவீதம், சம்பளம் எந்த ஸ்கேல், இதுல எல்லாம் அவங்க வார்த்தைதான் கடைசி, நம்ம ப்ரொஃபசர் வார்த்தை இல்ல.

முதல் சுற்றுல எங்களுக்கு கிடைக்கல, கட் ஆஃப்க்கு கொஞ்சம் கீழ நின்னுச்சு. ரிவ்யூவர் கருத்துகளை திறந்து பாத்தா ஒருத்தர் 12 மாசம் பத்தாது, ஹார்ட் அட்டாக் குறையுதான்னு பாக்க வருஷக்கணக்கா வேணும்கறார், இன்னொருத்தர் எதுக்கு 12 மாசம், 6 போதுமேங்கறார். கோவம் வரும், வரட்டும், ரெண்டு நாள் மூடி வெச்சுட்டு திறங்க. இது உங்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல. 2018ல பிஎன்ஏஎஸ்ங்கற அறிவியல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 25 என்ஐஎச் விண்ணப்பங்களை 43 ரிவ்யூவர்கள்கிட்ட குடுத்து பாத்தாங்க, ஒரே விண்ணப்பத்துக்கு அவங்க குடுத்த மார்க்ல ஒத்துமையே இல்ல. நியூசிலாந்தோட ஹெல்த் ரிசர்ச் கவுன்சில் 2013ல எக்ஸ்ப்ளோரர் கிராண்ட்டுக்கு, தகுதி இருக்கறதை மட்டும் பிரிச்சு எடுத்து, அதுல யாருக்குன்னு குலுக்கல்ல முடிவு பண்ண ஆரம்பிச்சாங்க. எனக்கு அது நேர்மையா படுது. ஆஸ்திரேலியாவுல 2012ல ஒரே ஒரு நிதிச் சுற்றுக்கு 3,727 ப்ரொபோசல், அதை எழுத ஆராய்ச்சியாளர்கள் செலவு பண்ண நேரத்தை கூட்டினா சுமார் 550 வருஷ உழைப்புன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதுல அஞ்சுல ஒண்ணுக்குதான் பணம் கிடைச்சுது. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா நிராகரிப்பு கடிதம் கொஞ்சம் லேசாகும்.

ஆனா எல்லா கருத்தையும் அதிர்ஷ்டம்னு தள்ளிடக்கூடாது. மூணாவது ரிவ்யூவர் கேட்டது ஒரே கேள்வி: போன் பண்ற நர்ஸே கடைசியில பிபியும் பாத்தா, தன் வேலை ஜெயிச்சதா காட்டத்தானே மனசு போகும்? சரியான கேள்வி. எந்த சென்டர் எந்த பக்கம்னு தெரியாத வெளி ஆள் வந்து, ஆட்டோமேட்டிக் மெஷின்ல மூணு தடவை எடுத்து, கடைசி ரெண்டோட சராசரியை எழுதறதுன்னு மாத்தினோம். அதுக்கு ஆள் செலவு கூடுச்சு, கான்ஃபரன்ஸ் பயணத்தையும் லேப்டாப்பையும் வெட்டி அங்க போட்டோம். திருத்தி மறுபடி போடறப்ப ரிவ்யூவருக்கு பதில் எழுதும்போது ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழ என்ன மாத்தினோம், எந்த பக்கத்துலன்னு எழுதுங்க, மாத்தலைன்னா ஏன்னு எழுதுங்க. 12 மாச விஷயத்துல நாங்க ஒண்ணும் மாத்தல. எங்க அளவீடு ஹார்ட் அட்டாக் இல்ல, பிபி, மாத்திரையை விடறது மெதுவா நடக்கறது, 6 மாசத்துல முழுசா தெரியாதுன்னு ரெண்டு வாக்கியம் சேத்தோம், ரெண்டு பேருக்கும் அதே பதில்தான்.

சாங்ஷன் லெட்டர் வந்தா பணம் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தனி அக்கவுண்ட் திறக்கணும், முதல் தவணை வர நாளாகும், ஆள் எடுக்க நிறுவனத்தோட விதிப்படி விளம்பரம், இன்டர்வியூ. இதுக்கு கொஞ்ச மாசத்தை டைம்லைன்ல முதல்லயே ஒதுக்கி வெச்சிருந்தது நல்லதா போச்சு. ஆள் சேர்ற வேகத்தையும் உங்க நினைப்புல பாதின்னு வெச்சு எழுதுங்க, லசானா விதின்னே ஒண்ணு இருக்கு, ட்ரயல் ஆரம்பிச்ச அன்னிக்கு அதுவரைக்கும் வரிசையா வந்துட்டு இருந்த நோயாளிகள் காணாம போயிடுவாங்களாம். இப்போ எங்களுக்கு ஓடிட்டு இருக்கறது வேற பிரச்சினை, போன் செலவுக்குன்னு போட்டதுல மிச்சம் இருக்கு, வீட்டுக்கு போற போக்குவரத்துக்கு பத்தல, ஒரு தலைப்புல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த எழுத்துல அனுமதி வேணும், அதுக்கு முன்னாடி செலவு பண்ணா ஆடிட்ல நிக்கும். லெட்டர் போட்டிருக்கோம், பதில் வந்ததும்தான் வண்டி கிளம்பும்.